ராத்திரியிலும் கலரில் தெரிய வேண்டும் என்றால் எந்த சிசிடிவி வாங்குவது?

தாமான் வாட்சாப் குழுக்களில் இந்த மாதிரி வீடியோ அடிக்கடி வரும். நடுச்சாமம், கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டோ, வெள்ளை வெளேரென்று ஓர் உருவம் ஏறிக் குதித்து உள்ளே வந்து கேஸ் தோம்பைத் தூக்கிக்கொண்டு போகும். "இந்த ஆளை யாருக்காவது தெரியுமா?" என்று கீழே கேட்டிருப்பார்கள். எப்படித் தெரியும்? முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் இருக்கிறது. சரி, சட்டையாவது வெள்ளை என்று போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதலாம் என்றால் அதுவும் தப்பாகப் போகலாம். சாதாரண கேமரா ராத்திரியில் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில்தான் பார்க்கிறது, அந்த வெளிச்சத்தில் பல கறுப்புத் துணிகள்கூட வெளிறிப்போய் வெள்ளையாகத் தெரியும். மோட்டோ சிவப்பா நீலமா என்பதைக் கேட்கவே வேண்டாம்.

இதனால்தான் இப்போது எல்லாரும் "கலர் நைட் விஷன்" கேமரா தேடுகிறார்கள், எல்லாக் கம்பெனியும் அந்தப் பெயரைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறது. ஆனால் ஒரே பெயரில் விற்கும் இரண்டு கேமராக்களை ராத்திரி பத்து மணிக்கு ஒரே போர்ச்சில் மாட்டிப் பார்த்தால் ஒன்றில் ஆளின் முகம் தெரியும், இன்னொன்றில் கஞ்சி மாதிரி கலங்கிக் கிடக்கும். பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். எந்த எண்ணைப் பார்ப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று தெரிந்தால் போதும்.

அதற்கு முன்னால் கேமராவை மறந்துவிட்டு வெளிச்சத்தைப் பற்றி யோசியுங்கள். கலர் என்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் மட்டும்தான் உண்டு. சாதாரண கேமராவின் லென்சுக்குப் பின்னால் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கிற ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். இருட்டானதும் அது "டிக்" என்று விலகி, இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து, படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும். கலர் கேமரா கலரில் காட்டும்போது அந்தக் கண்ணாடி ராத்திரியிலும் விலகாது, ஆகவே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் கொஞ்சமாவது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். தெருவிளக்கிலிருந்து வரலாம், உங்கள் போர்ச் விளக்கிலிருந்து வரலாம், கேமராவிலேயே இருக்கும் வெள்ளை எல்இடியிலிருந்து வரலாம். நான்காவது வழி கிடையாது. முழு இருட்டிலும் விளக்கே இல்லாமல் கலரில் தெரியும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

எனவே பணம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, காசே ஆகாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, கேமரா மாட்டப்போகும் இடத்துக்குக் கீழே நின்று, கண் இருட்டுக்குப் பழகும்வரை கொஞ்ச நேரம் பொறுங்கள். கேட்டுப் பக்கம் நிற்கும் காரின் நிறம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் நல்ல கலர் கேமராவுக்கு அந்த வெளிச்சமே பெரும்பாலும் போதும். கார் நிற்பது தெரிகிறது, ஆனால் பச்சையா நீலமா என்று சொல்ல முடியவில்லை என்றால் கூடுதலாக ஒரு விளக்கு தேவை. கைப்பேசியில் படம் எடுத்துச் சோதிக்காதீர்கள். அதில் இருக்கும் நைட் மோட் சில விநாடி வெளிச்சத்தைச் சேர்த்துவைத்துப் படம் காட்டும், நடந்து போகிற ஆளை கேமராவால் அப்படிப் பிடிக்க முடியாது.

பினாங்கில் ஜெலுத்தோங், கெலுகோர் பக்கத்து வரிசை வீடுகளில் முன் பக்கம் தெருவிளக்கு இருக்கும், பிரச்சினை பின் சந்தில்தான். ஆயர் ஈத்தாமில் மலைப்பக்கமாக ஒதுங்கிய வீடு என்றால் இரண்டு பக்கமும் இருட்டு. கேஎல்லில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, வராந்தா விளக்கு இரவு முழுவதும் எரியும், சாதாரண கேமராவே கலரில் காட்டிவிடும். முன் பக்கத்துக்கும் பின் பக்கத்துக்கும் ஒரே மாதிரி கேமராதான் போட வேண்டும் என்று சட்டமா என்ன? நாலு கேமரா கொண்ட செட்டாக வாங்கினால் மலிவு என்று சொல்வார்கள், ஆனால் நல்ல கலர் கேமரா ஒன்றைக் கேட்டுக்கும், சாதாரண இன்ஃப்ராரெட் கேமரா மூன்றை மற்ற இடங்களுக்கும் போடுவதுதான் பல வீடுகளில் புத்திசாலித்தனமான செலவு.

இனி கேமராவுக்கு வருவோம். பெட்டியில் பெரிதாக இருப்பது மெகாபிக்சல், பொடி எழுத்தில் இருப்பது சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லின் அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். 1/2.8 இன்ச், 1/2.7 இன்ச், 1/1.8 இன்ச் என்று போட்டிருக்கும். கீழே உள்ள எண் சின்னதாக ஆக ஆக சென்சார் பெரிது. 1/1.8 இன்ச் சென்சாரின் பரப்பு 1/2.8 இன்ச் சென்சாரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், வெளிச்சத்தையும் அந்த அளவுக்குக் கூடுதலாக வாங்கும். அந்த வெளிச்சத்தைத்தான் பிக்சல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரே கோழியை நாலு பேருக்கு வைப்பதற்கும் எட்டு பேருக்கு வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் 4 மெகாபிக்சலுக்கும் 8 மெகாபிக்சலுக்கும். பகலில் கோழி நிறைய இருக்கிறது, எட்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். ராத்திரியில் எட்டு பேருக்கும் எலும்புதான். அதனால் 1/2.8 இன்ச் சென்சார் வைத்த 8 மெகாபிக்சல் கேமராவை விட 1/1.8 இன்ச் சென்சார் வைத்த 4 மெகாபிக்சல் கேமரா ராத்திரியில் நன்றாகவே இருக்கும். 8 மெகாபிக்சல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 1/1.2 இன்ச் சென்சாருக்குப் போங்கள், விலையும் அதற்குத் தகுந்தபடி ஏறும்.

அடுத்தது லென்சின் எஃப் எண், லென்ஸ் வாய் எவ்வளவு அகலம் என்பதைச் சொல்வது. இதுவும் சின்னதாக இருந்தால்தான் நல்லது. எஃப் 1.0 லென்ஸ் எஃப் 1.6 லென்சைப் போல சுமார் இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், எஃப் 2.0-ஐப் போல நான்கு மடங்கு. சென்சாரையும் லென்சையும் சேர்த்துப் பார்த்தால் எஃப் 1.0, 1/1.8 இன்ச், 4 மெகாபிக்சல் என்ற கூட்டணிதான் வீட்டுக்கு இன்றைக்குச் சரியான அளவு. ஹிக்விஷனின் கலர்வியூ வரிசையில் பல மாடல்கள் இப்படித்தான் இருக்கின்றன, டாஹுவாவின் ஃபுல் கலர் வரிசையிலும் உண்டு. வீட்டுக்காரர்கள் தாங்களே மாட்டிக்கொள்ளும் வகையில் ரியோலிங்க் சிஎக்ஸ்410, டாப்போ சி325டபிள்யூபி இரண்டும் இதே மாதிரி பெரிய சென்சார், எஃப் 1.0 லென்சோடு வருகின்றன. ஆனால் ஒரே வரிசைப் பெயரில் சின்ன சென்சார் வைத்த மலிவு மாடல்களும் இருக்கும், ஆகவே வரிசைப் பெயரை நம்பாமல் முழு மாடல் எண்ணைக் கூகளில் போட்டு அதன் விவரத்தாளைப் பாருங்கள். "ஸ்டார்லைட்" என்ற வார்த்தையையும் அப்படியே நம்ப வேண்டாம், அது விளம்பரப் பெயர்தான். சோனியின் "ஸ்டார்விஸ்" என்பது சென்சார் வகையின் பெயர், இரண்டும் ஒன்றல்ல.

எஃப் 1.0-க்கு ஒரு குறையும் உண்டு, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அது தெளிவாகக் காட்டும் தூரத்தின் அகலம் குறைவு. கேட்டுக்குத் தெளிவாக இருக்கும்படி அமைந்த லென்சில் கதவருகே ஓரடி தூரத்தில் முகத்தைக் கொண்டுவந்து நின்றால் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். வாசல்மணிக்குப் பக்கத்தில் மாட்ட இந்த வகை ஒத்து வராது.

விவரத்தாளில் "0.0005 லக்ஸ்" என்று ஒன்று போட்டிருப்பார்கள், இவ்வளவு குறைந்த வெளிச்சத்திலும் தெரியும் என்று அர்த்தம். முழு நிலவு வெளிச்சமே கிட்டத்தட்ட கால் லக்ஸ்தான் இருக்கும், ஒழுங்காக எரியும் தெருவிளக்குக்குக் கீழே சில லக்ஸ் முதல் பத்து, இருபது லக்ஸ் வரை வரும். அப்படியானால் 0.0005 லக்ஸில் எப்படித் தெரியும்? தெரியும், ஆனால் ஆள் அசையாமல் சிலை மாதிரி நிற்க வேண்டும். ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஆகிற அளவுக்கு கெயினை, அதாவது படத்தின் பிரகாசத்தைச் செயற்கையாக, ஏற்றியும் எடுத்த கணக்கு அது. இந்த எண்ணை வைத்து இரண்டு கம்பெனியை ஒப்பிடுவது வீண் வேலை.

ஷட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, யூடியூபில் சோதனை வீடியோ பார்க்கும்போது இதைத்தான் கவனிக்க வேண்டும். ஆளே இல்லாத போர்ச் பளிச்சென்று பகல் மாதிரி தெரியும், பார்த்தவுடனே வாங்கிவிடலாம் போல இருக்கும். அப்புறம் யாராவது நடந்து வருவார்கள். அங்கே வீடியோவை நிறுத்துங்கள். கால்கள் இரண்டும் தெரிகின்றனவா, புகை மாதிரி இழுபடுகின்றனவா? கண், மூக்கு பிரிந்து தெரிகின்றனவா? பின்னால் பேய் மாதிரி நிழல் ஒன்று வால் பிடித்து வருகிறதா? வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரை மெதுவாக்கித்தான் படத்தைப் பளிச்சென்று காட்டுகிறது, அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அசைகிறவன் முகம். திருடன் நின்று போஸ் கொடுக்க மாட்டான். கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் நடக்கிற முகம் நிறுத்திப் பார்த்தால் தெரிகிற கேமராவே என் கணக்கில் நல்ல கேமரா.

எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் என்பதைப் பலர் கேட்பதே இல்லை. கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 2.8 மி.மீ., ஏனென்றால் அகலமாகத் தெரியும், வாடிக்கையாளர் முகம் மலரும். ஆளை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் அளவு. 4 மெகாபிக்சல் கேமராவில் அந்தக் கணக்குப்படி 2.8 மி.மீ. லென்சுக்கு நாலு மீட்டரைக் கொஞ்சம் தாண்டுவதற்குள், 4 மி.மீ. என்றால் சுமார் ஆறு மீட்டர், 6 மி.மீ. என்றால் பத்து மீட்டருக்கு ஒட்டி வரைதான் முகம் அடையாளம் தெரியும். அதுவும் வெளிச்சம் நன்றாக இருந்தால். இரண்டு கார் முன்னும் பின்னுமாக நிற்கும் போர்ச்சில் சுவரிலிருந்து கேட் வரைக்கும் அளந்து பாருங்கள், 2.8 மி.மீ. போதாது என்பது உடனே தெரிந்துவிடும். கேட்டைப் பார்க்க 4 மி.மீ., பின் சந்து நீளத்துக்குப் பார்க்க 6 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். வண்டி நம்பர் பிளேட்டும் இதே கேமராவில் ராத்திரி தெரிய வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஹெட்லைட் எரியும்போது பிளேட்டைப் படிக்க வேகமான ஷட்டரோடு அதற்கென்றே ஒரு கேமரா வைக்க வேண்டும், இரண்டையும் ஒன்றில் எதிர்பார்த்தால் இரண்டும் கிடைக்காது.

விளக்கு எப்படி எரிய வேண்டும்?

இதில் மூன்று வகை இருக்கிறது. முதல் வகையில் வெள்ளை எல்இடி இருட்டானதிலிருந்து விடியும்வரை எரிந்துகொண்டே இருக்கும். கலர்வியூவின் முந்தைய தலைமுறையும் ரியோலிங்க் சிஎக்ஸ்410-உம் இன்ஃப்ராரெட் இல்லாதவை, வெள்ளை விளக்கை அணைத்துவிட்டால் தெருவிளக்கை மட்டும்தான் நம்ப வேண்டும். இரண்டாவது, இரண்டு விளக்கும் உள்ள வகை. சாதாரண நேரத்தில் இன்ஃப்ராரெட்டில் கறுப்பு வெள்ளையாக ஓடும், மனிதன் வந்தால் வெள்ளை விளக்கு எரிந்து கலருக்கு மாறும். ஹிக்விஷன் இதை ஸ்மார்ட் ஹைப்ரிட் லைட் என்கிறது, டாஹுவா ஸ்மார்ட் டுவல் லைட் என்கிறது. மூன்றாவது பேட்டரி கேமரா. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆள் வந்தால் மட்டும் விழித்துப் பதிவு செய்வதால் முதல் ஒன்றிரண்டு விநாடி போய்விடும், வயர் இழுக்கவே முடியாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வரிசை வீட்டுக்கு இரண்டாவது வகைதான் சரி என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். விளக்கு திடீரென்று எரிந்தால் வந்தவன் ஓடிவிடுவான், அது நல்லதுதான். ஆனால் விளக்கு எரிந்து கலர் சரியாவதற்கு ஒரு கணம் பிடிக்கும், பூனை, நாய், காற்றில் ஆடும் வாழையிலை என்று எதற்கெல்லாமோ எரிந்து அணையும், எதிர்வீட்டு அக்கா மறுநாள் காலையில் "என்ன தம்பி, உங்க வீட்டுல ராத்திரி பூரா மின்னல் அடிக்குது" என்று கேட்பார். அதைவிட எளிய வழி ஒன்று சொல்கிறேன். போர்ச்சில் 5 வாட் வார்ம் வைட் எல்இடி பல்ப் ஒன்றை, இருட்டானால் தானே எரியும் சென்சார் ஹோல்டரில் போட்டு விடுங்கள். ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 1.8 யூனிட்தான், தெனாகா பில்லில் ஒரு வெள்ளியைச் சுற்றித்தான் வரும். விளக்கு கேமராவை விட்டு ஒதுங்கி இருப்பதால் இன்னொரு லாபமும் இருக்கிறது.

அந்த லாபம் என்ன என்பது மழை விட்ட சாயங்காலத்தில் தெரியும். ஈசல் கிளம்பும் பாருங்கள், வெள்ளை விளக்கு எரியும் கேமராவின் முகத்தில்தான் வந்து மொய்க்கும். லென்சுக்கு இரண்டு விரல் தூரத்தில் பறக்கும் ஈசல் படத்தில் வெள்ளைக் கோடாக நீண்டு, கேட் மறைந்தே போகும். ஈசலைத் தின்ன பல்லி வரும், கேமராவின் நெற்றியிலேயே குடியிருக்கும், அதன் வால் படத்தின் மேல் ஓரத்தில் மணிக்கணக்கில் தொங்கும். பல்லியை விடுங்கள், சிலந்தி இன்னும் மோசம், இன்ஃப்ராரெட் கேமராவிலும் கூடு கட்டும், ஒரே ஒரு நூல் லென்சுக்கு முன் ஆடினால் இரவு முழுவதும் "மோஷன் டிடெக்டட்" என்று கைப்பேசி அலறும். விளக்கு வேறு இடத்தில் இருந்தால் பூச்சி அங்கே போகும், கேமரா பிழைக்கும். புகைமூட்டக் காலத்திலும் இதே கதைதான், லென்சுக்குப் பக்கத்திலேயே விளக்கு எரிந்தால் புகையில் பட்டுத் திரும்பி வந்து படம் முழுக்க வெண்மையாகிவிடும்.

டோம் வடிவ கேமராவை வெளியே மாட்டாதீர்கள். கண்ணாடிக் கூண்டில் தூசியும் மழைத்துளியும் சேர்ந்தால் விளக்கு வெளிச்சம் உள்ளேயே சிதறும். நீளமான புல்லட் வகையோ, கூண்டில்லாத டர்ரெட் வகையோ வாங்கி, கூரை நீட்டிக்குக் கீழே மாட்டுங்கள். பினாங்கில் கடலுக்கு அருகே, தஞ்சோங் தொக்கோங், பாத்து பெரிங்கி பக்கம் இருப்பவர்கள் உலோக உடம்பு வாங்கினாலும் திருகாணி துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் திருகாணியைத் தனியாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டுக்கு அஞ்சடி என்கிற முன் நடைபாதையில் மாட்டுவதாக இருந்தால் பக்கத்துக் கடையின் விளக்கு நேராக லென்சில் விழாதபடி கோணத்தைப் பாருங்கள்.

வயர் விஷயத்தில் முடிந்தவரை பிஓஇ, அதாவது மின்சாரமும் படமும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகிற வகைதான் நல்லது. செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் வைஃபை திணறும், ராத்திரிப் படத்தில் புள்ளி அதிகம் இருப்பதால் பகலை விட அதிக டேட்டாவும் போகும். ஆனால் நம் ஊர் இடி மின்னல் தெரிந்ததுதானே, வெளியே போகும் கேபிளுக்கு சர்ஜ் பாதுகாப்பு போடச் சொல்லுங்கள். பதிவுக் கணக்கு எளிது: ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடினால் நாளுக்குச் சுமார் 43 ஜிபி. 128 ஜிபி கார்டில் மூன்று நாள்கூட முழுசாக நிற்காது. நாலு கேமராவுக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க் என்றால் பதினோரு நாள் வரும். பாலேக் கம்போங் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கிறவர்களுக்கு அந்த அளவாவது வேண்டும்.

எங்கே வாங்குவது? கேஎல்லில் லோ யாட் பிளாசாவில் வீட்டு வகை கேமரா எல்லாம் கிடைக்கும், புடுவில் ஜாலான் பாசார் பக்கம் கேபிள், பெட்டி, சில்லறைச் சாமான்கள் கிடைக்கும். பினாங்கில் கொம்தார், பிராங்கின் மால் பக்கம் கேட்டுப் பாருங்கள். ஷாப்பியில் மலிவாக இருக்கும், ஆனால் உள்ளூர் வாரண்டியா என்று கேட்டு, வைஃபை கேமரா என்றால் சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைக்குள் காட்டும் டெமோ படத்தை நம்பாதீர்கள், கடையின் கூரை விளக்கில் எந்தக் கேமராவும் அழகாகத்தான் தெரியும். கேமராவை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பெட்டி வாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு உள்ளே கையை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள், தவுக்கே முறைத்தாலும் பரவாயில்லை.

மாட்டிய பிறகு செட்டிங்கில் சிலவற்றை மாற்ற வேண்டும், பலர் இதைத் தொடுவதே இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே கேமராவை பிஏஎல், 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள், 60-இல் இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் படம் துடிக்கும். ஷட்டரைத் தானியங்கியில் விடாமல் 1/50-க்கு மேல் மெதுவாகாதபடி கட்டிப்போடுங்கள், படம் ரொம்ப இருட்டாகிவிட்டால் 1/25 வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். புள்ளியைத் துடைக்கும் டிஎன்ஆர் என்பதை முழுக்க ஏற்றிவிட்டால் முகம் மெழுகு பூசிய மாதிரி ஆகும், நடுவில் வையுங்கள். வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் சமன் செய்யும் டபிள்யூடிஆர் பகலுக்கு நல்லது, ராத்திரியில் புள்ளியைக் கூட்டும், பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி செட்டிங் இருந்தால் இரவில் அணைத்துவிடுங்கள். வெள்ளை விளக்கு இருந்தால் அதன் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்துப் பாருங்கள், கிட்ட வருகிறவன் முகம் வெளுத்துப் போகாமல் இருக்கும்.

கேமரா கோணம் உங்கள் கேட்டோடு நிற்கட்டும். சொந்த வீட்டு விவகாரத்துக்கு 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது என்றாலும், எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னல் உங்கள் படத்தில் தெரிந்தால் சட்டத்துக்கு முன்னால் சண்டை வந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, மாட்ட வருகிறவர் காலை பதினோரு மணிக்கு வருவார், வெயிலில் பளபளவென்று படத்தைக் காட்டுவார், பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், மீதிப் பணம் இருட்டிய பிறகுதான் என்று. எட்டு எட்டரை மணிக்கு அவர் திரும்பி வந்ததும் வீட்டில் ஒருவரைக் கேட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே சாதாரணமாக நடந்து வரச் சொல்லி, ஒரு தடவை தொப்பியோடு, ஒரு தடவை ஹெல்மெட்டோடு, அந்தப் பதிவை நேரலையில் பார்க்காமல் திரும்பப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் ஏணி அங்கேயே இருக்கும்போதே கோணத்தையோ உயரத்தையோ மாற்றச் சொல்லுங்கள். பத்தடிக்கு மேல் மாட்டிய கேமராவில் தொப்பி போட்டவன் தலை உச்சி மட்டும்தான் கிடைக்கும்.